இன்ஸ்பெக்டர் காரின் இடது கதவு

– அடிப்பாவி! எங்க அது? இந்தக் கதவுல இருந்த நசுங்கல் எங்க?

– நான்தாங்க சரி பண்ணினேன். கை தவறிக் கீழ போட்டுட்டு, சொல்ல முடியாம முழிக்கிறீங்கன்னு நினைச்சேன். நாளைக்குப் போட்டியில வைக்கிற காராச்சே. பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, உங்க பெயின்டையே எடுத்து அடிச்சேன். தடவிப் பாருங்க, ஒண்ணும் தெரியாது.

– தெரியணும்! தெரியறதுக்குத்தானே உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு! டிவியை நிறுத்தி நிறுத்திப் பாத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடு பண்ணி, கரண்டி முதுகால அழுத்தி… எத்தனை கதவைக் குப்பையில போட்டேன் தெரியுமா? கடைசியாத்தான் அந்த மடிப்பு வந்துச்சு!

– உள்ளங்கை அளவு கார். அதைப் பாத்துப் பாத்துச் செஞ்சுட்டு, வேணும்னே நசுக்கியும் வைக்கிற ஆளை இப்பதாங்க பாக்கிறேன்.

– வயித்தெரிச்சலைக் கிளப்பாத. இன்ஸ்பெக்டர் கார்னாலே அந்த நசுங்கல்தான். டிவியில அந்தத் துப்பறியும் நாடகம் பாக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

– நான் பாக்கிறப்பல்லாம் அவர் மூக்கை உறிஞ்சிக்கிட்டிருக்கார். வருஷக்கணக்கா அதே ஜலதோஷம். முதல்ல அவருக்கு யாராவது ஒரு மாத்திரை கொடுங்க.

– நக்கலா? அவரோட முதல் கேஸ் என்னன்னாவது தெரியுமா உனக்கு? அவர் காரை எவனோ எடுத்துட்டுப் போயி, லாரி இடிச்சு, ரோட்டோரம் காலியா நிக்குது. போலீஸ்காரங்க எல்லாரும் லாரி எந்தப் பக்கம் போச்சு, நம்பர் என்ன, கண்ணாடி எங்க விழுந்துச்சுன்னு அலையறாங்க. இவர் மட்டும் கதவைப் பாத்துட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேக்கிறார். "உள்ள யாரு இருந்தது?" அவ்வளவுதான், கேஸே உடைஞ்சுடுது. அதுக்கப்புறம் அந்த நசுங்கலை அவர் சரி பண்ணவே இல்ல. அந்தக் கேள்வி மறந்துடக் கூடாதாம்.

– நல்ல கேள்வி.

– இப்ப வந்து நல்ல கேள்வியாம்! நாளைக்கு ஜட்ஜ் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பார். நசுங்கல் இல்லாத இன்ஸ்பெக்டர் காரைப் பாத்தாச் சிரிப்பார். கை சுளுக்கிடுச்சுன்னு மாசக்கணக்கா ஒரு வாளித் தண்ணி தூக்கல நீ. என் மானத்தை வாங்க மட்டும் கை வந்துச்சோ?

– உப்புத்தாள் தேய்க்க இடது கை போதும்.

– பண்றதையும் பண்ணிட்டு எதிர்ப்பேச்சு வேற! கதவைச் சுரண்டி எடுத்தாத்தான் உண்டு… இரு. இது நீ பண்ணின வேலைதானா? ஓரத்துல பூசின சுவடே இல்ல. பழகின ஆள் பண்ணின மாதிரி இருக்கு. எங்க கத்துக்கிட்ட இதை?

– அப்பாடா, ஒருவழியாத் துப்பறிய ஆரம்பிச்சுட்டீங்க. பட்டறையில கத்துக்கிட்டேன்.

– எந்தப் பட்டறை?

– தெருமுனையில இருக்கே, அது. நம்ம காரை விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தனியா உக்காரப் பிடிக்கல. பட்டறைக்காரர் பட்டி வைக்கிறதைப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.

– நம்ம காரா? நம்ம காருக்கு என்ன கேடு?

– ஓட்டுற பக்கக் கதவு. வெளிய போயி வெளிச்சத்துல பாருங்க, அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். நாலு மாசமா அதைத் தொறந்துதான் தினமும் ஏறுறீங்க. பொம்மைக் கார்ல மயிரிழை பிசகினாத் தூக்கம் வராது உங்களுக்கு. வாசல்ல நிக்கிறது கண்ணுல படல.

– எவன் இடிச்சான்?

– ஒரு வேன்காரன். சிக்னல் விழுந்ததும் குறுக்க வந்துட்டான்.

– எப்போ? என்கிட்ட ஏன் சொல்லல?

– போன கண்காட்சிக்கு வெளியூர் போயிருந்தீங்களே, அப்போ. சொல்றதுக்குத்தான் போன் பண்ணினேன். "ஜட்ஜ் என் மேசைக்கு வந்துட்டார், அப்புறம் பேசு"ன்னு வச்சுட்டீங்க. அந்த அப்புறம் இன்னும் வரல. திரும்பி வந்தீங்க, கப்பைக் காட்டினீங்க, அதை வைக்க அலமாரியில இடம் ஒதுக்கச் சொன்னீங்க. ஒத்தைக் கையால ஒதுக்கினேன்.

– அதுக்காக மூடி மறைப்பியா? கதவு எவ்வளவு உள்ள போச்சு? சட்டம் வளைஞ்சுதா? கண்ணாடி என்ன ஆச்சு? வேன் நம்பரை எடுத்தியா இல்லியா? புதுக் கதவு போடாம பட்டியை வச்சு ஒப்பேத்திட்டானா அந்த ஆளு? என்ன பாக்கிற? வாயைத் தொறந்து பேசேன்! இன்னும் என்னத்தைத்தான் கேக்கணும் நான்?

– உள்ள யாரு இருந்ததுன்னு கேளுங்க.