லைன் காசு

— வர்றதுக்கு முன்ன ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல, ஷர்மினி? லோரிய எறக்கிட்டு இப்பத்தான் வந்து படுத்தேன்.

— எதுல அடிக்கிறது அண்ணே? வாயாலயா? லைன கட் பண்ணிட்டான். என்னோடது, உன்னோடது, அண்ணியோடது, அம்மாவோடது, நாலும் செத்துப் போச்சு. உன் போனையே நீ பாக்கலையா?

— கேமரன் மலையில லைன் கிடைக்காதுலா. அதான்னு நெனச்சேன்.

— நல்லா இருக்கு! நாலு நம்பரும் எம்பேருல. நாலு மாசமா பில்லு கட்டலன்னு என்னைய பிளேக்லிஸ்ட் பண்ணி வெச்சிருக்கான். மெசேஜ் வந்தப்பல்லாம் சுகுமாரன் அண்ணே, நீ கட்டிருவேன்னு விட்டேன் பாரு, என்னைய சொல்லணும். நேத்து பேங்க்ல அத்தனை பேரு முன்னால, ‘மொதல்ல போன் பில்ல கட்டுங்க அக்கா, அப்புறம் வீட்டு லோன பாப்போம்’னுட்டா அந்தப் பொண்ணு.

— அலாமாக்! அந்த ஈப்போ வீடா?

— அதே வீடுதான். ரெண்டு வருஷம் வயித்தக் கட்டி டெப்போசிட்டு சேத்தேன். மூணு ரூம்பு. அதுல ஒண்ணு அம்மாவுக்கு.

— மெதுவா பேசு. அம்மா அடுப்படியில இருக்காங்க.

— அவங்ககிட்ட இன்னும் சொல்லல. சாவி கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப எந்தச் சாவி? மாசா மாசம் போன் பில்லுல என் பங்க உன் கையிலதானே குடுத்தேன். என்ன பண்ணுன?

— ஏய், வாய அடக்கு. நான் தின்னுட்டேங்கிறியா?

— பின்ன? பூனையா தின்னுச்சு?

— கேமரன் டிரிப்பு வந்ததுலேர்ந்து பில்லு கட்டுற கவுண்டர் தொறக்குற நேரத்துக்கு நான் வீட்டுல இல்ல. முழுக் காசையும் அம்மாகிட்டதான் குடுத்தேன்.

— இப்ப அம்மா மேல பழியா? வெக்கமா இல்ல உனக்கு?

— பழி என்ன பழி! அம்மா! அடுப்ப அணைச்சிட்டு இங்க வாங்க! நான் குடுத்த லைன் காச கட்டுனீங்களா இல்லையா? இவகிட்ட சொல்லுங்க!

— கட்டாம? என்னைய என்னன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்? இந்தக் காளியம்மா அடுத்தவன் காசத் தொட்டவ இல்ல. அந்தக் காலத்துல வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்குப் போற மாதிரி விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி கட்டிட்டு வாரேன். இந்தா, பிஸ்கட் டின்னுல ரசீது இருக்கு. நல்லா பாத்துக்க.

— ரெண்டு பஸ்ஸா? கவுண்டரு பாசாருக்குப் பக்கத்துலதானம்மா?

— எந்தக் கவுண்டரு? நான் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி கையில குடுக்குறேன்.

— அண்ணே, இதப் படி. ‘லயன் வாடகை. வீடு நம்பர் பதினேழு.’

— நம்ம பழைய தோட்டத்து வீடா! அம்மா! நான் சொன்னது போன் லைனும்மா!

— போனுன்னு நீ எப்பச் சொன்ன? ‘அம்மா, லைன் காச கட்டிருங்க’ன்ன. பொறந்ததுலேர்ந்து எனக்குத் தெரிஞ்ச லயன் அந்த வரிசை வீடுதான். ‘காசு கூட இருக்கே காளியம்மா’ன்னு கிராணி கூட கேட்டாரு. முன்கூட்டியே எழுதிக்குங்கன்னேன். அடுத்த தீபாவளி வரைக்கும் கட்டியாச்சு.

— ஐயோ அம்மா! பத்து வருஷமா பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு இப்ப எதுக்கு வாடகைன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? வாய் இல்லையா உங்களுக்கு?

— எப்படிடி கேக்குறது? மக பங்கு போடுறா, மகன் கொண்டாந்து குடுக்குறான். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்க, என்னைய திரும்ப அங்கயே கொண்டுபோயி விடப் போறீங்கன்னு நெனச்சேன். என்னைக்குக் கூப்பிடுவீங்கன்னு தெரியலையே, நாலு மாசமா துணிமணியெல்லாம் மூட்டை கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்.