ஃபிரேமின் ஓரத்தில் ஓர் ஆள்

காலை வெயிலில் எடுத்தால்தான் என் முகம் படத்தில் நன்றாக விழும், இன்ஸ்பெக்டரம்மா. உச்சி வெயிலில் மூக்கின் நிழல் மீசையைத் தின்றுவிடும். இதெல்லாம் போட்டோ படிக்கிற பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

திருச்சி காலேஜ் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் புராஜெக்ட் உண்டு. கலர், கான்ட்ராஸ்ட், பேலன்ஸ். கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் படித்துறைக்கு வந்துவிடுவார்கள். கான்ட்ராஸ்ட் என்றால் நான்தான். முகம் கரிச்சட்டி, தாடி சுண்ணாம்பு. லென்ஸ் வழியே என் தாடியைப் பார்த்த ஒரு பையன் கண் கூசி, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுதான் மிச்சப் படத்தை எடுத்தான். நம்பாவிட்டால் போங்கள்.

வீட்டில் மருமகள்கூட என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. படித்துறையில் மட்டும், "பிச்சைமுத்துத் தாத்தா, இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரே கூப்பாடு. அதற்காகத்தான் விடிந்ததும் எழுந்திருப்பேன்.

அப்புறம் மருதை வந்தார். எடமலைப்பட்டி புதூர்க்காரர். மருதாணி போட்டுச் செக்கச் செவேலென்ற தாடி, கிளிப்பச்சைத் துண்டு, நீலக் கைலி. நல்ல மனுஷன். எனக்கும் சேர்த்தே டீ வாங்கிவருவார். ஜென்சி என்கிற பெண் அவரைப் பார்த்ததும், "ஐயோ, செம கலர் தாத்தா!" என்று ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"தாத்தா, கோச்சுக்காதீங்க. நீங்க அந்த ஓரமா உக்காருங்க. இந்தப் பக்கம் காலியா இருக்கு, பேலன்ஸ் ஆகல."

"என் முகம் தெரியுமாம்மா?"

"மங்கலாத்தான் விழும். அதான் அழகு."

உட்கார்ந்தேன். பெரியவர்களுக்கு ஒரு பொறுமை வேண்டும்.

ஆடி மாசம். மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரியில் இரு கரையும் தொட்டு ஓடியது. மருதை கடைசிப் படியில், கணுக்கால் தண்ணீரில் நின்றார். ஜென்சி பைக்குள் தலையை விட்டு வேறு லென்ஸ் தேடிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் தண்ணீருக்குள் இருக்க வேண்டிய அடுத்த படி போன வெள்ளத்திலேயே பெயர்ந்துபோய், அங்கே ஆள் ஆழம். தினமும் படித்துறையிலேயே கிடக்கிற எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

"மருதை அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. கேமராவையே பாருங்க" என்றேன்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்."

படத்துக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மருதை சிரிப்புக் கலையாமல் போனார். அப்படி ஒரு ஒழுங்கான மாடலை நான் பார்த்ததில்லை.

ஜென்சி அலறினாள். "தாத்தா! உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியாதும்மா என்றேன். சின்ன வயசில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாய் நீந்திய ஆள்தான். ஆனால், நான் எழுந்தால் அந்த ஓரம் காலியாகிவிடுமே. செம்மண் தண்ணீரில் பச்சைத் துண்டு மட்டும் கொஞ்ச தூரம் போயிற்று. கலர் என்றால் அதுதான் கலர்.

கால் வழுக்கிவிட்டது என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. போலீஸ்காரர்கள் வேலையில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வாரம் தென்னூரில் பிள்ளைகள் கண்காட்சி வைத்தார்கள். வாசலிலேயே மருதை, கதவு உயரத்துக்கு, மாலையோடு. வருகிறவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாய் ஏதோ திட்டு. ஒரு அம்மா தன் பையனிடம், "அது பாறைடா" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அதனால்தான் நானே வந்து சொல்கிறேன், பின்னாடி போகச் சொன்னது நான்தான், தெரிந்தேதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் இல்லையா? காலையிலேயே வரச் சொல்லுங்கள். மருதை படத்தை மட்டும் என் பக்கத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.