ரத்தம் மட்டும் அவளோடது

இல்லம்மா, எழுத்துப் பிழை எல்லாம் இல்ல. கதிரேசன், வயசு அறுபத்தாறு, பொழிச்சலூர், எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. அந்த ஆளு நான்தான். ரத்தம்தான் என்னோடது இல்ல.

கதிரேசன எடுத்துட்டு அபிதகுஜாம்பாள்னு போடணும். என் சம்சாரம். வயசு அறுபத்தொண்ணு. ஆண்னு இருக்கற எடத்துல பெண். அவ்ளோதான். நம்பர்ல ஒண்ணும் கை வைக்க வேணாம். பேர் நீளமா? கட்டத்துல அடங்காதா? அவங்க ஊரு திருவண்ணாமலைம்மா, அங்க அம்மன் பேரு. ரேஷன் கார்டுலயே பாதிதான் இருக்கு. அபிதான்னு போட்டாக்கூட போதும்.

மேனேஜர் நாளைக்குத்தான் வருவாரா? நாளைக்குன்னா ஆகாதும்மா. பக்கத்து கண் ஆஸ்பத்திரி டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிடுவாரு. அதுக்குள்ள இந்தப் பேப்பர் அவர் கைக்குப் போகணும். அவ கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். அதான் இப்படி நிக்கறேன்.

எப்படி என் பேர்ல அவ ரத்தமா? சொல்றேன். கூட்டம் இல்லல்ல?

எனக்குப் பதினாலு வருஷமா சக்கரை. எம் பொண்ணு தேவதர்ஷினி பொத்தேரில காலேஜ்ல பாடம் எடுக்கறா. பசங்களக் கூட விட்டுடுவா, என்னை விட மாட்டா. இந்தத் தடவை மூணு மாச சக்கரை எட்டத் தாண்டுச்சுன்னா மாத்திரை எல்லாம் கிடையாதுப்பா, ஊசிதான்னுட்டா. உங்க லேபுக்கு அவளே போன்ல புக் பண்ணா. விட்டமின் எல்லாம் சேர்த்து ஏதோ பேக்கேஜு. காலைல ஆறரைக்கு வீட்டுக்கே ஆள் வரும்னு சொன்னா. மொத நாள் பார்த்து பம்மல்ல ஒரு கிரகப்பிரவேசம். இலைல ஜாங்கிரி வச்சுட்டுப் போனாங்க, நான் கேக்கல. நாலு தடவை வச்சுட்டுப் போனாங்க.

மூணு மாச சக்கரை ஒரு வேளை ஜாங்கிரியில மாறாதா? அது இப்பத் தெரியுதும்மா. அன்னிக்கு யார் சொன்னா?

காலைல பெல் அடிக்குது. எனக்கு ஊசின்னாலே பயம். அபிதா, ஒரு கைதான, உனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே, நீட்டிடுன்னேன். பாவம், காப்பி கூடக் குடிக்காம நீட்டினா. உங்க ஆளு வந்து கதிரேசனான்னு கேட்டாரு. ஆமான்னா. நிமிந்து பாத்தாரு. நைட்டியப் பாத்தாரு, வளையலப் பாத்தாரு, மறுபடி பேப்பரப் பாத்தாரு. இன்னும் ஒம்பது வீடு இருக்கு சார்னு என்கிட்ட சொல்லிட்டு குத்திட்டாரு. அவர் மேல எதுவும் எழுதிடாதம்மா. நல்ல மனுஷன், வலிக்காம எடுத்தாருன்னு சொன்னா.

சாயங்காலம் பொண்ணு போன்ல கேட்டா. ஆறு புள்ளி ஒண்ணுன்னேன். மறுநாளே பெரிய ஸ்வீட் பாக்ஸ் அனுப்பிட்டா, அப்பாவுக்குப் பரிசாம். என்னை ரெண்டுதான் எடுக்க விட்டா எங்க வீட்டம்மா. மிச்சத்த அவளே தீர்த்தா. எனக்கென்ன, என் ரத்தம் ஆறுன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லிக்கிட்டே.

ஊருக்கே தெரியும்தான். காம்பவுண்ட் பூரா சொல்லி வச்சிருந்தா. கீழ் வீட்டு கிட்டு, ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவரு, இன்சூரன்சுக்கு டெஸ்ட்டுன்னு வந்து நின்னாரு. அக்கா, எனக்கும் ஒரு ட்யூப் கிடைக்குமாங்கறாரு. என்னமோ மோர் கேக்கற மாதிரி. இவ யோசிச்சு, அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி, இப்பத்தான் இவருக்குக் குடுத்தேன்னா.

ஆமாம்மா, இந்தப் பேப்பர்ல ஆறு இல்ல. தெரியும். அதுக்குத்தான் வரேன்.

மொதல்ல இங்க கீழ பாரு, விட்டமின் டி ஏழுன்னு இருக்கு. அதப் பாத்துட்டு நான் சும்மா இருக்கல. மெடிக்கல்ல கேட்டு வாரம் ஒரு பாக்கெட் பொடி வாங்கி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ பால்ல கலக்கினேன். எட்டு வாரம். பால் என்னங்க இப்படி இருக்குன்னா. மாடு மாறிடுச்சாம்னேன். வெயிலும் படணும்ல, தினம் காலைல பதினோரு மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போவேன். சும்மா வான்னா வருவாளா? ஏரோப்ளேன் எண்ற பந்தயம் வச்சேன். எங்க ஏரியா ஏர்போர்ட் பக்கம்ல, தலைல இடிக்கற மாதிரிதான் இறங்கும். தோத்தவங்க பாத்திரம் தேய்க்கணும். சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் நான்தான் தேய்ச்சேன்.

ஆடி பொறந்ததும் எனக்குப் பதினொண்ணு வந்தா அவளுக்கு ஏழு வருது. சத்தம் வருது, ஆளக் காணோமேங்கறா. ஒரு நாள், அது என்னங்க ப்ளேனுக்குப் பின்னாடி கருப்பு நூல் தொங்குதுன்னா. நான் ஒரு வாரம் அவளப் பாத்திரம் தேய்க்க விட்டேம்மா. ஜெயிச்சுட்டேன்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, அவ தேய்ச்ச பாத்திரத்துல சோத்துப் பருக்கை அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இன்னிக்குக் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, சக்கரை எத்தனை வருஷமா இருக்குன்னாரு. இவ சிரிக்கறா. எனக்கு ஏது சக்கரை, அவருக்குத்தான், மார்ச்சுல அவர் பேர்ல நான்தான் ரத்தம் குடுத்தேன், ஆறுதான் வந்துச்சுன்னா. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் செவத்துல இருந்த கண்ணு படத்தப் பாத்தேன். விட்டமின் குறைஞ்சதாலயா சார்னு கேட்டேன். சக்கரைக்காரங்கள்ல அது கம்மியா இருக்கறவங்களுக்குக் கண்ணும் அதிகமா கெட்டிருக்கறத பாத்திருக்காங்களாம், ஆனா அதனாலதான்னு சொல்ல முடியாதாம். அது அப்புறம், மொதல்ல மார்ச் ரிப்போர்ட்டக் கொண்டாங்கன்னாரு. எவ்ளோ நாளா ஏறிக் கெடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் வேகமா இறக்கறதா மெதுவா இறக்கறதான்னு முடிவு பண்ண முடியுமாம். இதக் காட்டினேன். வேற ஆள் பேர்ல இருக்கறத ஃபைல்ல வைக்க முடியாது, லேபுல எழுதி வாங்கிட்டு வாங்கன்னுட்டாரு.

புதுசா ரத்தம் அங்க எடுத்துட்டாங்கம்மா. அது இன்னிக்கு நெலமை. மார்ச்ல என்னன்னு அவ ரத்தத்துக்குத் தெரியும், இந்தப் பேப்பருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

பதினொண்ணு புள்ளி நாலு. நீ படிக்க வேணாம், எனக்கு மனப்பாடம்.

போன்லதான் வந்துச்சு. பாத்ததும் போனக் கவுத்து வச்சேன். அவகிட்ட சொன்னா பொண்ணுக்குப் போகும், போனா நான் பண்ணது தெரியும், அப்புறம் என் கையிலதான் ஊசி. காலைல சொல்லிக்கலாம்னு படுத்தேன். காலைல ஸ்வீட் வந்துடுச்சு.

எழுதித் தரேம்மா, தாராளமா. எங்க, குடு. இதுல ரெண்டு கையெழுத்து கேட்டிருக்கே? பேஷண்டுமா?

வந்திருக்கா. அதோ வாசல்ல கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்காந்திருக்கா பாரு, அவதான். கண்ணுல சொட்டு விட்டிருக்காங்க, சாயங்காலம் வரைக்கும் கிட்டத்துல இருக்கறது எதுவும் தெரியாதாம். போடுவாம்மா, நான் சொன்னா போடுவா. எந்த எடத்துலன்னு அவ விரலப் பிடிச்சு வச்சுக் காட்டு. என்ன எழுதியிருக்குன்னு கேப்பா. படிச்சுக் காட்டிடாத.