பையை விட்டு வெளியே வந்த கை

மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோரே, படக்கதை படிக்கும் பிள்ளையை அதட்டிவிட்டு, அவன் உறங்கியபின் அதே புத்தகத்தை எடுத்துப் புரட்டும் தாய்மார்களே, தலை நரைத்தும் படக்கதையைத் தள்ளிவைக்காத வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் என் கணவரை 'ஒவியர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஓவியருக்கு ஓகாரம் வேண்டும். போனவர் வந்து கேட்க மாட்டார் என்பதால் நான் கேட்கிறேன்.

செய்தி நீங்கள் அறிந்ததே. மழைக்கோட்டு அணிந்து துப்பறியும் நம் நாயகர், நீங்கள் செல்லமாகக் 'கோட்டுக்காரர்' என்று அழைப்பவர், என் கணவரோடு நின்றுபோனார். சென்ற மாதம் பதிப்பகம் ஓர் இளம் பெண் ஓவியரைக் கொண்டு அவரை மீண்டும் நடமாடவிட்டது. புதிய இதழில், கூரை விளிம்பில் தொங்கும் திருடனைக் காப்பாற்றக் கோட்டுக்காரர் கை நீட்டுகிறார். எந்நாளும் கோட்டுப் பைக்குள் இருந்த கை! குமுறினீர்கள், கொதித்தீர்கள், அந்த ஓவியரை நீக்கச் சொல்லித் தீர்மானம் எழுதினீர்கள். மன்றத்தின் முடிவை ஏற்பதாகப் பதிப்பகமும் சொல்லிவிட்டது. அதை ஆதரித்துப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அந்தப் பெண்ணும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அந்தக் கை ஏன் பைக்குள் இருந்தது? பண்பினாலா? பணிவினாலா? பகைவனையும் தீண்டாத பெருந்தன்மையினாலா? 'மறைந்த கைகளின் மாண்பு' என்று உங்கள் ஆண்டு மலரில் ஒருவர் நீண்ட கட்டுரையே எழுதினார். அதை என் கணவர் உரக்கப் படித்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

அவருக்குக் கை வரையத் தெரியாது.

அங்கே யாரோ 'இல்லை' என்கிறீர்கள். ஐயா, அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

ஒருநாள் கேட்டேன்: "ஏங்க, இந்த மனுஷன் எப்பதான் பையிலேருந்து கையை எடுப்பாரு?"

"எடுத்தா வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கும்மா. உள்ளேயே இருக்கட்டும்."

"அப்ப டீ எப்படிக் குடிப்பாரு?"

"காலி கப்பைத்தானே வரையறேன். குடிச்சு முடிச்சுட்டாரு."

திருடர்களைக் கோட்டுக்காரர் காலை இடறிவிட்டே பிடித்ததும் இதனால்தான். நீங்கள் அதைப் பாணி என்றீர்கள். ஆனால் அவர் முயலாமல் இல்லை. எங்கள் குப்பைக்கூடை முழுக்கக் கைகள். கசங்கிய கைகள், கிழிந்த கைகள், ஆறு விரல் முளைத்த கைகள். கடைசிவரை ஒரு நல்ல கைக்காக ஏங்கினார். அது வரவில்லை.

புதிய இதழை உங்கள் செயலாளர்தான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பாருங்கம்மா, ஐயாவோட ஆளை என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நீட்டிய கை. சுண்டுவிரல் மட்டும் உட்பக்கமாகச் சற்றே வளைந்திருந்தது. அந்த விரலை நான் அறிவேன்.

தொலைபேசியில் அந்தப் பெண்ணை அழைத்தேன். "யார் கைம்மா இது?"

"ஐயா கைதாம்மா. பழைய இதழோட பின்னட்டைல பிரஷ் பிடிச்சிட்டிருப்பாரே, அந்தப் போட்டோவைப் பார்த்துப் போட்டேன். தப்பாம்மா?"

"கட்டைவிரல் கொஞ்சம் நீளம். மத்தபடி சரி."

நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளி எனக்குத் தாராளமாகப் பாராட்டக் கற்றுத்தரவில்லை. ஆகவே அதற்குமேல் அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. ஊருக்கெல்லாம் உருவம் வரைந்தவருக்குத் தன் கையைத் தானே வரைய வாய்க்கவில்லை. வேறொருவர் வரைந்திருக்கிறார். அதை அழிக்க நீங்கள் என் ஆதரவைக் கேட்கிறீர்கள்.

சற்று நேரத்தில் தலைவர் எழுந்து, "தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கைகளை உயர்த்துங்கள்" என்பார். அன்பர்களே, கோட்டுக்காரரின் வழியே உங்கள் வழியென்றால், கை பைக்குள் இருப்பதே மாண்பென்று நீங்கள் மெய்யாகவே நம்பினால், அந்த நேரத்தில் உங்கள் கைகள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

என் சேலைக்குப் பை கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு அமர்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியை ஒருமுறையும் அலறவிடாத தம்பிக்கும் நன்றி. வணக்கம்.