மச்சாடோ வீட்டு வாஸ்கோ

— அந்த அட்டைக் கப்பலுக்கு பெயிண்ட் அடிச்சது போதும், வைங்க. உங்க பொண்ணு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் ஆச்சு.

— பசிச்சா வருவா, ஸ்டெஃபி. பாய்மரம் மட்டுந்தான் பாக்கி. நாளைக்குக் காலைல ஸ்கூல்ல எக்ஸ்ப்ளோரர்ஸ் டே, எல்லாம் ரெடியா இருக்கணும்லா.

— அவ வாஸ்கோ ட காமா வேஷம் போட மாட்டாளாம். தாடியைப் பிச்சு ட்ராஷ்ல போட்டுட்டா.

— ஏன், குத்துதாமா?

— லைப்ரரில எடுத்த புக்கை முழுசா படிச்சிட்டா. மெக்காவுக்குப் போயிட்டு வந்தவங்க கப்பலை அந்த வாஸ்கோ நடுக்கடல்ல மடக்கி நெருப்பு வச்சானாம். உள்ள பொம்பளைங்க, குழந்தைங்கல்லாம் இருந்தாங்களாம். அவளுக்கு ஒன்பது வயசுங்க.

— கடல்ல போனவன் எவன் சும்மா போனான்? பாதிப் பேரு ஈறு அழுகிச் செத்தான். மிச்சப் பேரு போன எடத்துல அடுத்தவனைக் கொன்னான். ஒரு நாள் கூத்துதான, நின்னுட்டு வரட்டும்.

— "நான்தான் இந்தியாவுக்கு வழி கண்டுபுடிச்சேன்"னு சொல்லணுமாம், கூடப் படிக்கிற ஷ்யாமளா பொண்ணு விஷாகாவைப் பாத்து. எனக்கு ஒண்ணு புரியல. அவங்கவங்க பூர்வீகத்துலேருந்து ஒரு ஆள்னுதானே டீச்சர் குடுத்தாங்க? விஷாகாவுக்கு ராஜேந்திர சோழன். நம்ம பொண்ணுக்கு மட்டும் எப்படி வாஸ்கோ?

— சோழன் மட்டும் கப்பல்ல போயி கோலமா போட்டான்?

— பேச்சை மாத்தாதீங்க.

— பேரைப் பாத்துருப்பாங்க. ஜோவானா மச்சாடோ. வேற என்ன நெனைப்பாங்க?

— எங்க அப்பா வீட்ல ஞானப்பிரகாசம்னு வச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தோம். சரி, மெயில் போடறேன். நாங்க தூத்துக்குடி, தமிழ், பேரு மட்டுந்தான் போர்ச்சுகீஸ்னு.

— ஏளா, ஞாயித்துக்கிழமை அதுவுமா. டயர்டா இருக்கு, விட்டுரு.

— எனக்கு இல்லையா டயர்டு? அஞ்சு நாளும் ப்ரின்ஸ்டன் ஜங்ஷன்ல ட்ரெயின் ஏறி நியூயார்க் போயிட்டு வரேன். லேப்டாப்பை இப்படிக் குடுங்க. ஸ்கூல் போர்ட்டல்ல என்ன இருக்குன்னு பாக்கறேன்.

— போர்ட்டல் வேண்டாம். மெயில் வேணா போடு.

— ஏன்?

— வேண்டாம்னா விடேன்.

— இருங்க. பூர்வீகம்னு ஒரு கட்டம் இருக்கு. போர்ச்சுகீஸ். இது டீச்சர் போட்டது இல்லையே. கீழ மரிய அந்தோணி மச்சாடோன்னு கையெழுத்து. நம்ம இங்க வந்து அட்மிஷன் போட்ட அன்னைக்குத் தேதி.

— ம். நான்தான் போட்டேன்.

— எதுக்குங்க?

— இங்க வர்றதுக்கு முன்னாடி ஃபிரிஸ்கோல இருந்தப்ப ஒரு நாள் காருக்கு கேஸ் போட்டுட்டு நின்னேன். நீ கடைக்குள்ள இருந்த, ஜோவானா பின் சீட்ல. ஒருத்தன் ட்ரக்கை நிறுத்தி, இந்தியாவுக்கே திரும்பிப் போன்னு கத்துதான். நாங்க போர்ச்சுகீஸ்னு சொல்லிட்டேன். தானா வாய்ல வந்துட்டு. ஒரு நிமிஷம் பாத்தான். ஸாரின்னுட்டுப் போயிட்டான்.

— என்கிட்ட சொல்லவே இல்ல நீங்க.

— வெக்கமா இருந்துச்சு. எங்க ஆளுங்க முத்துக் குளிச்சவங்க. கடல்ல அடிக்க வந்தவனுக்குப் பயந்து போர்ச்சுகீஸ்காரன்கிட்ட போயி நின்னாங்க. அவன் ஞானஸ்நானம் குடுத்தான், பேரு குடுத்தான், காவலுக்குக் கப்பலும் குடுத்தான். ஐந்நூறு வருஷம் ஆச்சு. நானும் அதே பேருக்குப் பின்னால போயி ஒளிஞ்சிருக்கேன். இங்க வந்ததும் அந்தக் கட்டத்தைப் பாத்தேன், கை தானா அதைத்தான் தொட்டுச்சு.

— சரி, விடுங்க. நான் மாத்திடறேன். மேல போயி வேஷம் வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க, அழறதை நிறுத்திடுவா.

— அவ வேஷத்துக்காக அழல, ஸ்டெஃபி. யாரு கேட்டாலும் போர்ச்சுகீஸ்னு சொல்லுன்னு அன்னைக்கே கார்ல வச்சு அவகிட்ட சொன்னேன். ஏன்னு சொல்லல. அவ நம்பிட்டா. மத்தியானம் தாடி ஒட்டிவிடும்போது, "அந்தக் கப்பலைக் கொளுத்துனவர் நம்ம தாத்தாவாப்பா"ன்னு கேட்டா. நான் இல்லன்னு சொல்லல.