துணை நடிகருக்கான என் கணிப்பு

எனக்கு இறால் பிடிக்காது. என் தொழிலில் இது பெரிய சங்கடம். இலையுதிர் காலம் தொடங்கிவிட்டால் லாஸ் ஏஞ்சலஸில் எந்தப் பட விருந்துக்குப் போனாலும் பனிக்கட்டி மேல் இறாலை அடுக்கி வைத்திருப்பார்கள். விருதுக்கு வாக்களிக்கும் பெரிய மனிதர்கள் அதை விரலால் எடுத்துத் தின்றுவிட்டு, அதே கையை இயக்குநரின் தோளில் போட்டு, "அழுதுட்டேன்ப்பா" என்பார்கள். படம் ஓடும்போது அவர்கள் விட்ட குறட்டையை நான் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்டிருப்பேன். ஆனாலும் ஒரு விருந்தையும் நான் தவறவிட்டதில்லை.

நீங்கள் காவல்துறைக்காரர், என் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வென்டெல் ஸ்ட்ரௌட். எந்தப் படம், எந்த நடிகர் பெரிய விருதுக்குப் பரிந்துரை பெறுவார் என்று முன்கூட்டியே எழுதுகிறவன். விருது விழா முடிந்த மறுநாள் காலையிலேயே அடுத்த ஆண்டுக்கான கணிப்பை நாங்கள் வெளியிட்டுவிடுவோம். அந்தப் படங்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிலவற்றுக்குப் படப்பிடிப்பே முடிந்திருக்காது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நான் ஒரு பெயரைப் போட்டால் மற்ற கணிப்பாளர்களும் போடுவார்கள். எல்லாரும் போட்டால் ஸ்டுடியோ விளம்பரம் செய்யும். விளம்பரத்தைப் பார்த்த வாக்காளர்கள், அந்த நடிகரைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

போன மார்ச்சில் துணை நடிகர் பிரிவில் முதல் இடத்தில் ஓரின் லிண்ட்குவிஸ்டின் பெயரைப் போட்டேன். எண்பதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்க ஷெரிப், பாதிரியார், கதாநாயகியின் அப்பா என்று பிறருக்குப் பின்னால் நின்றவர். ஒரு முறைகூடப் பரிந்துரை கிடைத்ததில்லை. அவர் அப்போது நடித்துக்கொண்டிருந்த படத்திலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம்தான்: படகுத்துறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அது போதும். அதுதான் திறமை.

அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "வென்டெல், நெசமாவே எம்பேரப் போட்டிருக்கியாப்பா? எம்பொண்ணு படிச்சுக் காட்டினா. நம்பாம, கண்ணாடிய மாட்டிக்கிட்டு நானும் ஒரு தடவ பாத்தேன்." அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வீட்டுக்கு அழைத்துக் காபியும் இலவங்கப்பட்டை போட்ட பன்னும் கொடுப்பார். "இந்த வாரமும் இருக்கேனா?" என்று கேட்பார். கோடை முழுக்க இருந்தார். என்னைப் பார்த்து எல்லாரும் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

செப்டம்பரில் படம் திரைப்பட விழாவில் ஓடியது. அவர் நடித்ததில் பாதியை வெட்டியிருந்தார்கள். மரியாதைக்குக் கைதட்டினார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவராக அவர் பெயரைத் தங்கள் கணிப்பிலிருந்து எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. இணைய வானொலியில் பேசுகிற ஒரு பொடியன், "வென்டெலோட தாத்தா இன்னும் லிஸ்ட்ல மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்றான். இந்த ஊரே சிரித்தது. என்னிடம் இருப்பது என் கணிப்பு ஒன்றுதான் ஐயா. அது பொய்த்தால் அடுத்த மார்ச்சில் நான் எழுதுவதை யார் மதிப்பார்கள்?

அக்டோபரில் ஓரினுடைய இதய வால்வை உடனே மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என்ன செய்யலாம் என்று ஓரின் என்னைக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில படுத்தா பாவம்னு சொல்வாங்க, ஓட்டுப் போட மாட்டாங்க. ஜனவரியில ஓட்டு முடிஞ்சதும் பண்ணிக்கலாம்."

அவர் மகள் கரின் பல் மருத்துவர். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கு விருதுச் சிலை வேணாம், உசுரு வேணும். இதுல பேச நீங்க யாருங்க?"

"சும்மா இரும்மா," என்றார் ஓரின். "ஆயுசு பூரா காத்திருந்தாச்சு. மூணு மாசம் காத்திருக்க மாட்டேனா?"

பிறகு ஸ்டுடியோக்காரர்கள் திரையிடல் திரையிடலாக அவரைக் கூட்டிப் போனார்கள். உதடு நீலம் பாரித்திருக்கும். மேடைப் படி ஏறினால் பேச்சு வராது. வாக்காளர்கள் இறால் தின்ற கையால் அவர் கையைப் பிடித்து, "உங்களுக்கு இல்லாம யாருக்கு?" என்பார்கள். அங்கிருந்து நகர்ந்து வேறொரு இளைஞனிடம் போய் அதையே சொல்வார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பரிந்துரைக்கு ஐந்து இடங்கள். அவர் ஆறாவதாக இருந்தார். உயிரோடு இருக்கும்வரை ஆறாவதாகத்தான் இருப்பார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊருக்குச் செத்தவர்களிடம் மட்டும்தான் மனசாட்சி உறுத்தும். பல வருடமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கரின் கடைக்குக் கிளம்பினாள். "அப்பாவ விட்டு எங்கயும் போயிடாதீங்க" என்றாள். நான் போகவில்லை. பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த ஓரின், நெஞ்சில் கை வைத்தார்.

"வென்டெல், நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர. அடுப்படியில இருக்குப்பா."

சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தொட்டியில் இரண்டு காபிக் கோப்பைகள் கிடந்தன. கழுவினேன். அவர் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். தொண்டையில் ஏதோ அறுபடுகிற மாதிரி ஒரு சத்தம், அதைக் கேட்கவும் எனக்கு அருவருப்புதான், குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன். கோப்பைகளைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். சத்தம் நின்ற பிறகு மாத்திரைக் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவருக்கான அஞ்சலிக் கட்டுரை முதலில் என்னிடமிருந்துதான் வந்தது. நன்றாக அமைந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே நிதானமாக எழுதி வைத்திருந்தேன்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. இறுதிச் சடங்கில் கரின் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பெரிய வாக்காளர்கள் கண்ணீரும் மூக்குச்சளியுமாக நின்றார்கள். அவருக்கு இடம் உறுதியாகிவிட்டது. அப்போதுதான் மார்னி எல்லாவற்றையும் கெடுத்தாள். ஸ்டுடியோவில் விருதுப் பிரசாரத்தைக் கவனிக்கிறவள். தொலைபேசியில் அழுதாள்.

"செத்துப்போன மனுஷனுக்குப் போய்த் துணை நடிகர்னு கேக்க எனக்கு மனசு வரல, வென்டெல். சிறந்த நடிகர்னே விளம்பரம் குடுக்கறோம். அதுதான் அவருக்கு மரியாதை."

"மார்னி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சிடும்."

"உனக்கு எப்பவும் கணக்குதான். கொஞ்சமாவது ஈரம் வேணாமா?" என்று வைத்துவிட்டாள்.

இந்த விருதின் வாக்குச்சீட்டில் ஒருவர் பெயரைச் சிறந்த நடிகர், துணை நடிகர் என்ற இரண்டு பிரிவில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டிலும் விழுந்த ஓட்டுகளைச் சேர்த்துக் கூட்ட மாட்டார்கள். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். பாதிப் பேர் அங்கே எழுதினார்கள், பாதிப் பேர் இங்கே எழுதினார்கள். பரிந்துரைகளை அறிவித்த காலையில் ஓரின் பெயர் எதிலும் இல்லை.

யாரும் சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். அந்தப் பொடியன் நேற்று, வென்டெல் வாழ்க்கையிலேயே போட்ட மோசமான கணிப்பு இதுதான் என்று பேசியிருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஓரின் லிண்ட்குவிஸ்டை நான்தான் சாகவிட்டேன். கொன்றேன் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துணை நடிகர் பிரிவில் அவருக்கு இடம் நிச்சயமாக இருந்தது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். தப்பு செய்தது மார்னி, நான் இல்லை.