நடுங்கித்துறை

அல்லாவோட பேரச் சொல்லி வாயத் தொறக்கிறேன். கூடக்குறையச் சொன்னா அவன் பொறுக்கணும், நீங்களும் பொறுக்கணும்.

முன்னொரு காலம். நம்ம கரையில பள்ளிவாசலும் கிடையாது, மினராவும் கிடையாது. தொழுகைக்குக் கூப்பிடுற பாங்குச் சத்தம் எப்படி இருக்கும்னு ஒரு காதுக்கும் தெரியாத காலம். அப்போ சங்குமுனைன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். கிழக்கே கடல், மேற்கே பனங்காடு. தெக்கே ஒரு கழி. கடல்தண்ணி ஏறி எறங்குற ஓடையத்தான் கழின்னு சொல்றது. ஏத்தத்துல மாரளவு, வத்தத்துல முழங்காலளவு. கழிக்கு அங்கிட்டு வெறும் மணல்திட்டு. நண்டும் நாரையும் தவிர அங்க எதுவும் கிடையாது.

அந்த ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி. இன்னைக்கு நாம அம்மான்னு சொல்லித்தான் பேரச் சொல்றோம். அன்னைக்கு அவ வெறும் சடைச்சி. அதனால 'அவ'ன்னே சொல்லிட்டுப் போறேன், குத்தமா எடுக்காதீக.

அவ புருசன் சங்கு குளிக்கப் போனவன். மூழ்கினான், மேல வரல. அன்னைக்குப் பிடிச்சது அவளுக்குப் பயம். காத்தடிச்சாப் பயம். நாய் குரைச்சாப் பயம். யாராச்சும் பின்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா, கையில உள்ளதக் கீழ போட்டுருவாளாம். சிரிக்காதவுக யாரும் இல்ல. அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு மக, செல்லி. ஆறு வயசு.

அப்படி இருக்கையில ஒரு ஐப்பசி மாசம். மழை விட்ட மறுநாக் காலையில தூரத்துல ஒரு கப்பல் தெரிஞ்சுச்சு. அரபு தேசத்துலருந்து குதிரை ஏத்திட்டு வர்ற கப்பல். அதுலருந்து ஒரு சின்னப் படகக் கீழ எறக்கி, மூணு பேர அதுல வச்சுத் தள்ளி விட்டுட்டு, கப்பல் பாயை விரிச்சுப் போயிருச்சாம். ஊர் ஆம்பளைக கயித்தப் போட்டு அந்தப் படகக் கரைக்கு இழுத்தாக. எட்டிப் பாத்தாக. ரெண்டு வாலிபனுக படுத்துக் கெடக்கானுக. மூஞ்சி தெரியல, அம்மை முத்து. மூணாவது ஒரு கெழவர், அவுக தலையத் தன் மடியில வச்சு உக்காந்திருக்காரு.

"அம்மைடா! கயித்த விடுங்கடா!"

அவ்வளவுதான். ஊர்த் தலைவரு மறவன் அம்பலம் ஓடி வந்தாரு. கம்பு, எறியீட்டியெல்லாம் வந்துருச்சு. படக அப்படியே கழி வழியாத் தள்ளிக் கொண்டுபோயி மணல்திட்டுல ஏத்தி விட்டாக. அம்பலம் ஊருக்குச் சொன்னாரு: "அங்கிட்டு யாரும் போகக்கூடாது. சோறு கூடாது, தண்ணி கூடாது. போனவுக திரும்பி ஊருக்குள்ள வரக்கூடாது."

நல்லவருதான் அம்பலம். ஊரக் காப்பாத்தணும், அது அவரு கவலை.

அன்னைக்கு உச்சி சாய்ஞ்சப்போ மணல்திட்டுலருந்து ஒரு சத்தம் வந்துச்சாம். நீட்டி, இழுத்து, யாரையோ கூப்பிடுற மாதிரி. காத்துல பாதி வருது, பாதி வரல. ஊரே வேலையப் போட்டுட்டு நின்னுச்சு. கூப்பிடுறானே, யாரக் கூப்பிடுறான்? அங்க யாரு இருக்கா? மறுபடி பொழுது சாயும்போது கூப்பிட்டாரு. மறுபடி விடியும்போது. ஒரு நாளைக்கு அஞ்சு தரம். ஒவ்வொரு தரமும் சடைச்சி செல்லியோட காத ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்துக்குவாளாம்.

பன்னெண்டு நாள் கழிச்சுப் படகு இழுத்தவனுகள்ல ஒருத்தன் விழுந்தான். அப்புறம் அவன் தம்பி. அப்புறம் வீட்டுக்கு ஒண்ணு. "அந்தக் கெழவன் கூப்பிடக் கூப்பிட அம்மை வருது. பேயத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுறான், அவனும் பேய்தான்"னு ஊர் பேசிக்கிருச்சு.

அந்தக் காலத்து வழக்கம் என்னன்னா, அம்மை கண்டவுகள ஊருக்குள்ள வைக்க மாட்டாக. பனங்காட்டு ஓரத்துல ஓலைக்குடிசை போட்டு, உள்ள விட்டு, வாசல்ல ஒரு பானைத் தண்ணிய வச்சுட்டு ஓடி வந்துருவாக. பிழைச்சா வரட்டும். அம்பலத்தோட மக, பத்து வயசுப் புள்ள, தேவானை. அதுக்கும் முத்துப் போட்டுச்சு. தன் மகளாச்சேன்னு அம்பலம் பாக்கல, தூக்கிக் கொண்டுபோயி விட்டாரு. அவரு சம்சாரம் உடையாள் கூடவே போறேன்னு அழுதா. வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாராம்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, சடைச்சி செல்லிக்குத் தலை சீவி விடுறா. கழுத்துல கை பட்டுச்சு. சூடு. முடிய ஒதுக்கிப் பாத்தா நாலு முத்து.

சீப்பு கீழ விழுந்துச்சு. கதவச் சாத்தினா. ஆனா ஊர்ல எதை ஒளிக்க முடியும்? காலையில கண்டது, வெயில் ஏறுறதுக்குள்ள அம்பலம் வாசல்ல வந்து நிக்கிறாரு. கையில ஒரு சாடி, வாய் கட்டின சாடி.

"சடைச்சி, உன் மகளக் குடிசைக்குக் கொண்டு போகணும், தெரியும்ல?"

அவ உள்ள திரும்பிச் செல்லியப் பாத்தா.

"போக வேண்டாம். உன் வீட்டுலயே இருக்கட்டும். ஆனா நீ ஒரு காரியம் செய்யணும். இந்தத் தண்ணியக் கொண்டுபோயி அந்தக் கெழவனுக்குக் குடு. உப்பு ஊத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கான், வேண்டாம்னு சொல்ல மாட்டான்."

"தண்ணியில என்ன, அய்யா?"

"அரளி."

"அய்யா, எனக்குப் பயமா இருக்கு."

"எல்லாருக்கும் பயந்தான். ஆம்பளை எவனும் அங்கிட்டுப் போகமாட்டேங்கிறான். ஆம்பளை போனா அவனும் உஷாராயிருவான். உன்னப் பாத்து எவன் பயப்படப் போறான்?"

செல்லி உள்ள இருந்து "ஆத்தா, தண்ணி"ன்னு முனங்குது. சடைச்சி சாடிய வாங்கிக்கிட்டா.

வத்த நேரம். கழியில முழங்கால் தண்ணி. இந்தக் கரையில அம்பலமும் பத்துப் பன்னெண்டு ஆம்பளைகளும் நின்னு பாக்குறாக. அவ எறங்கி நடக்குறா. புருசன் போனதுலருந்து கடல்தண்ணியில கால் வைக்காதவ. ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணி கால இழுக்குற மாதிரி இருக்குதாம். பேய் எப்படி இருக்கும், பல்லு எப்படி இருக்கும், அதையே நெனச்சுக்கிட்டுப் போறா.

போனா, அங்க என்ன? ஒரு மண்மேடு, தலைமாட்டுல ஒரு பவளக்கல்லு. ஒரு வாலிபனப் பொதைச்சாச்சு. இன்னொருத்தன் படகு நெழல்ல சாஞ்சு உக்காந்திருக்கான், மேலெல்லாம் பொருக்கு, உசுரு இருக்கு. அந்தக் கெழவர் அவனுக்கு மீனச் சுட்டு, முள்ளு எடுத்து, வாயில ஊட்டிக்கிட்டு இருக்காரு. பல்லும் நம்மளப் போலத்தான் இருந்துச்சு. அதுல ரெண்டக் காணோம்.

"வா தாயே"ன்னாராம். தமிழ்! ஹளரமௌத்துங்கிற அரபு தேசத்து ஆளு, பேரு யஹ்யா. நாம யஹ்யா அப்பான்னு சொல்றது இவரத்தான். குதிரைக் கப்பல்ல பத்து வருசம் இந்தக் கரைக்கு வந்து போனதுல நம்ம பேச்சுப் படிச்சுக்கிட்டவரு. மூஞ்சியெல்லாம் பழைய அம்மைத் தழும்பு.

"தண்ணி"ன்னு நீட்டினா. சாடி கையில தடதடன்னு ஆடுது.

அவரு வாங்கினாரு. சாடி வாய அவுத்து ஒரு சிரட்டையில ஊத்தினாரு. ஊத்தி, அவகிட்டயே நீட்டினாரு. "நீ குடி முதல்ல. காய்ச்சல் வந்தவ மாதிரி நடுங்குறியே."

"எனக்கு வேண்டாம்."

"அப்போ இந்தப் பையனுக்குக் குடுக்குறேன். இருபத்தஞ்சு நாளா நல்ல தண்ணி கேக்குறான்."

சிரட்டை அந்த வாலிபன் உதட்டுக்கிட்டப் போயிருச்சு. அவன் கண்ண மூடி வாயத் தொறக்குறான், செல்லி தொறக்குற மாதிரி. சடைச்சி என்ன செஞ்சான்னு அவளுக்கே தெரியாது. சிரட்டையத் தட்டி விட்டா. சாடியத் தூக்கி அந்தப் பவளக்கல்லுல அடிச்சா. சில்லுச் சில்லாப் போச்சு.

"அரளி போட்டிருக்கு, அய்யா! என்னைக் கொல்லாதீங்க!"ன்னு மணல்ல விழுந்தா.

அந்தக் கரையில ஒரே கூச்சல். சாடி ஒடஞ்சதப் பாத்துட்டாக. அம்பலம் குரல் வருது: "அங்கேயே கெட! கழியில கால வச்சா ஈட்டி பாயும்!"

யஹ்யா அப்பா அந்தக் கரையப் பாத்தாரு, இவளப் பாத்தாரு. "போகாத தாயே. இங்கேயே இரு."

"எம் புள்ள அங்க இருக்கே! முத்துப் போட்டிருக்கு. காட்டுக் குடிசையில போட்டுருவாக. தனியாக் கெடக்கும்."

"தனியாவா? பாத்துக்க ஆளில்லையா?"

"அம்மை வந்தவுககிட்ட யாரு போவா?"

அவரு எந்திரிச்சாரு. "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு. மறுபடி வராது. நான் போறேன்."

"ஈட்டியோட நிக்கிறாகளே, அய்யா. உங்களுக்குப் பயமே இல்லையா?"

அவரு கைய நீட்டிக் காட்டினாராம். அந்தக் கையும் நடுங்குது.

சடைச்சி முன்னால எறங்கினா. அவரு பின்னால எறங்கினாரு. நடுக்கழி வரைக்கும் வந்துட்டாக. "நில்லு!" எறியீட்டியெல்லாம் தோளுக்கு மேல ஏறிருச்சு. அங்கேயே நின்னுட்டா. முன்னால போகக் கால் வரல, பின்னால போகவும் கால் வரல.

"வெலகுடி! அவனுக்குத்தான் ஈட்டி."

வெலகல. "அய்யா, இவருக்கு அம்மை வராது. குடிசையில கெடக்குறவுகளப் பாத்துக்கிறேன்னு சொல்றாரு"ன்னா. பல்லு கிட்டிக்கிட்டு அடிக்குது, பாதிதான் வார்த்தை வருது. அதையே மறுபடி சொன்னா. மறுபடியும் சொன்னா. ஓடிப் போயிருவோமான்னு ஒவ்வொரு மூச்சுக்கும் நெனச்சதா, பின்னால அவளே சொன்னதாச் சொல்லுவாக.

ஏத்தம் பிடிச்சிருச்சு. முழங்கால் தண்ணி தொடைக்கு வந்துச்சு. தொடைத் தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. இடுப்புத் தண்ணி மாருக்கு வந்துச்சு. அவ நடுங்குறதுல அவளச் சுத்தித் தண்ணி வட்டம் வட்டமா அலையடிச்சுச்சாம். அவளும் நகரல, ஆம்பளைகளும் ஈட்டிய எறக்கல.

அசர்ங்கிற பின்நேரத் தொழுகைக்கு நேரம் வந்துச்சு. யஹ்யா அப்பா, சாகப் போறதுன்னா இதையும் சொல்லிட்டுச் சாவோம்னு நெனச்சாரோ என்னமோ, தண்ணியில நின்னபடியே ரெண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோயிப் பாங்கு சொன்னாரு. அந்த ஊர்க்காரங்க அதப் பக்கத்துல கேட்டது அப்பத்தான். மூச்சு வாங்குது. குரல் உடையுது, நடுங்குது, நின்னு நின்னு வருது. வயசான ஒரு மனுசன் பயந்துபோயி யாரையோ தொணைக்குக் கூப்பிடுறான், அவ்வளவுதான். யாருக்கும் ஈட்டி எறியக் கை வரல.

அந்நேரம் பின்னால இருந்து ஒரு பொம்பளை கூட்டத்த விலக்கிட்டு வந்தா. உடையாள். கூரை ஓலையப் பிரிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கா, முழங்கையெல்லாம் ரத்தம்.

"காட்டுல எம் மக நேத்து வரைக்கும் அழுதா. இன்னைக்குச் சத்தமே இல்ல. உங்க யாருக்காச்சும் போயிப் பாக்கத் தைரியம் இருக்கா? பேய் பேய்னீகளே, பேய்க்குக் குரல் நடுங்குமா?"ன்னு கேட்டா. கேட்டுட்டுக் கழியப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா.

"வரட்டும்."

அம்பலம்தான் முதல்ல ஈட்டியக் கீழ போட்டாராம்.

யஹ்யா அப்பா ஈரத்துணியோட நேரே பனங்காட்டுக்குப் போனாரு. குடிசைக்குக் குடிசை நுழைஞ்சாரு. அழுக்கெடுத்தாரு, கஞ்சி ஊத்தினாரு, வேப்பங்கொழுந்தால தடவி விட்டாரு, கூடவே படுத்துக்கிட்டாரு. சடைச்சியும் செல்லிய எடுத்துக்கிட்டு அங்கேயே போயி இருந்துக்கிட்டா. எல்லாரும் பிழைச்சாகன்னு சொன்னாப் பொய். நெறையப் பேரு போனாக. தேவானையும் போயிருச்சு. ஆனா தனியாப் போகல. உடையாள் மடியில தலை, யஹ்யா அப்பா கையில கை. அப்படித்தான் போச்சு. செல்லி பிழைச்சுக்கிட்டா, இடது கண்ணு மட்டும் பூ விழுந்துருச்சு.

அம்மை எறங்கினதும் அவரு மணல்திட்டுக்கே திரும்பிட்டாரு. ஒரு நாள் சடைச்சி போயிக் கேட்டாளாம், "தெனம் அஞ்சு தரம் நின்னு என்னய்யா செய்றீக?" அவரு சொன்னாராம், "பயம் வந்தா யாருகிட்டப் போயி நிக்கணும்னு மறந்துறாம இருக்கத்தான், தாயே." அவ கை கால் கழுவிக்கிட்டு அவருக்குப் பின்னால போயி நின்னா. அப்புறம் செல்லி. அப்புறம், குடிசையிலருந்து பிழைச்சு வந்தவுக ஒவ்வொருத்தரா. நம்மளத் தூக்கிப் போட்டப்போ தொட்டவரு பின்னால நிக்கிறோம்னு சொல்லி நின்னாக. அப்படி வந்ததுதான் நம்ம வழி. அம்பலம் வீட்டுக்காரவுக அவுக சாமியத்தான் கும்பிட்டாக, இன்னைக்கும் கும்பிடுறாக. யாரும் யாரையும் ஒண்ணும் சொன்னதில்ல.

சடைச்சியம்மாவுக்குச் சாகுற வரைக்கும் பயம் போகல. காத்தடிச்சா நடுங்கத்தான் செஞ்சாகளாம். அவுக நின்ன எடத்துக்குப் பேரு நடுங்கித்துறை. பிரசவத்துக்குப் போற பொண்ணுகளும், முதக் கடலுக்குப் போறவுகளும் முழங்கால் தண்ணியில செத்த நேரம் அங்க நின்னுட்டுப் போவாக.

வருசா வருசம் யஹ்யா அப்பா தர்காவுக்குக் கொடி எடுத்துட்டுப் போகும்போதும், நடுங்கித்துறை வந்ததும் கொட்டு நின்னுரும். தொழுகை நடத்துற லெப்பை, கொடி தூக்குறவுக, எல்லாரும் தண்ணியில எறங்கிப் பேசாம நிப்பாக. அம்பலம் வீட்டுலருந்து ஒரு பொம்பளை கரையில வந்து நின்னு சொன்னாத்தான் கொடி நகரும். போன வருசம் சொன்னது அந்த வீட்டுக்கு வந்த புது மருமக, மதுரைப்பக்கத்துப் பொண்ணு. அத்தனை கூட்டம், அத்தனை அமைதி. அந்தப் புள்ளைக்குக் குரலே எழும்பல. நாங்க இடுப்புத் தண்ணியில அப்படியே நின்னோம், நிக்கிறோம், நிக்கிறோம். கடைசியில நடுங்கி நடுங்கித்தான் சொல்லுச்சு.

"வரட்டும்."